முப்பது நோன்பும் பிடித்த மருமகள்

1

பால்சுறாக் கருவாட்டின் மணத்தை இங்கிலாந்தில் ஒளித்துவைக்க முடியாது. நான் முயன்று பார்த்தேன். பொலித்தீன் பைகளுக்குள் பைகளாகச் சுற்றி, மூடி போட்ட வாளியில் வைத்து, வாளியைப் பின்கதவுக்கு வெளியே குளிரில் விட்டேன். அப்படியும் பக்கத்து வீட்டுக்காரர் நாயையும் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டி, உங்கள் வீட்டில் காஸ் ஒழுகுகிறதா என்று மிக மரியாதையாகக் கேட்டார். எங்கள் ஊர் மீன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நாய்க்குத்தான் போக மனமில்லை.

கருவாடு கற்பிட்டியிலிருந்து வந்தது. என் கணவர் ரிஸ்வானின் கூட்டாளி ஒருவர் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, அவருடைய பயணப்பெட்டியில் பாதியை என் மதினி பிடித்துக்கொண்டிருக்கிறார். மதினி என்றால் ரிஸ்வானின் அக்கா. பொதியை அவிழ்த்தால் மூன்று சாமான்கள்: பால்சுறா, பிள்ளை பெற்ற உடம்புக்கு அரைத்துக் கொடுக்கும் காயச் சரக்கு, ஒரு போத்தல் கருஞ்சீரக எண்ணெய். எங்கள் கரையில் இந்த மூன்றும் ஒரே பையில் போகிற வீடு எப்படிப்பட்ட வீடு என்று புத்தளத்தில் எந்தக் கடைக்காரரும் சொல்வார். என் மகள் ஹனாவுக்கோ ஒன்றரை வயது தாண்டிவிட்டது. அவள் பொதியை முகர்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி ஓடினாள். நல்லவேளையாக மாமிக்கு, ரிஸ்வானின் உம்மாவுக்கு, அது விளங்கவில்லை.

மாமி நோன்புக்கு முன்பே ஆறு மாத விசாவில் எங்களிடம் வந்திருந்தார். யாருக்கு இதெல்லாம் என்று கேட்டேன். ஆள் வரும்போதுதானே அனுப்பலாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் சிரித்தார்.

அன்று பின்னேரம் புத்தளத்திலிருந்து என் உம்மா அழைத்தார். எடுத்தவுடனே அழுகை.

"மகள், பெத்தவளுக்குச் சொல்லாம சம்பந்தி வீட்டுக்குச் சொல்லியிருக்கிறீங்க. ஊரெல்லாம் தெரிஞ்ச பிறகா எனக்குத் தெரிய வேணும்?"

இப்படியாக, நான் பிள்ளைத்தாய்ச்சி என்ற செய்தி, இரண்டு குடும்பத்திலும் கடைசியாக எனக்குத்தான் வந்து சேர்ந்தது. இல்லை உம்மா, அப்படி ஒன்றும் இல்லை என்றேன். உம்மா உடனே அழுகையை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, சரி, மூன்று மாதம் முடியட்டும், நானும் வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

2

மாமியைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் சாட்சியங்களை வைத்தே தீர்ப்பு எழுதினார்.

ஊரில் பெண்கள் கூடி வாழும் வீட்டில் யாருடைய உடம்பு எப்போது எப்படி இருக்கிறது என்பது வாய் திறக்காமலே எல்லோருக்கும் தெரியும். மாதவிடாய் நாட்களில் எங்களுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எழும்பாமல், வெங்காயம் உரிக்கிற சாட்டில் ஒருத்தி குசினியில் நின்றால் விஷயம் முடிந்தது. நோன்பு மாதத்தில் இன்னும் தெளிவு. அந்த நாட்களில் நோன்பு இல்லாதவள் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பணிஸைத் தேத்தண்ணியில் தோய்த்து அவசரமாக விழுங்குவாள். வீட்டு ஆண்பிள்ளைகள் வந்தால் பணிஸ் முந்தானைக்குள் போகும். நான் படிப்பித்த பாடசாலையில் ஆசிரியைகள் ஓய்வறையின் அலுமாரிக்குப் பின்னால் இதற்கென்றே ஒரு கதிரை இருந்தது. அதில் யார் இருந்தாலும் நாங்கள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. எல்லோரும் முறைவைத்து அதில் இருந்தவர்கள்தான்.

மாமி வந்த நாள் முதல் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்தில் தொழுகிறோம். நான் நல்ல மருமகள் என்று பெயர் எடுப்பதில் கொஞ்சம் ஆசையுள்ளவள். என் உம்மா வாப்பா மன்னாரிலிருந்து கைப்பையோடு துரத்தப்பட்டு வந்தவர்கள். நான் பிறந்தது முகாமில். மாமியின் வீடு கற்பிட்டியில் வெங்காயத் தோட்டமும் தென்னங்காணியும் உள்ள பழைய வீடு. அகதிப் பிள்ளையை எடுத்தோம் என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லிவிடக் கூடாதே என்று நான்தான் ஐவேளையும் முந்திக்கொண்டு நிற்பேன்.

நோன்பின் இரண்டாம் கிழமையில் குசினி மேசையில், மூடிவைத்த ஒரு தட்டில் பாணும் சம்பலும் இருப்பதைக் கண்டேன். ஹனாவுக்கு மாமி வைத்தது என்று நினைத்தேன். அவளோ சம்பல் தின்னமாட்டாள். அடுத்த நாளும் தட்டு இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. மருமகள் வெட்கப்படாமல் சாப்பிடட்டும் என்று மாமி ஒன்றும் கேட்காமல் செய்த நாகரிகம் அது என்று எனக்கு உறைக்கவில்லை. நான் பாட்டுக்கு நோன்பு பிடித்தேன்.

மூன்றாம் கிழமையில் தட்டு நின்றுபோனது. பதிலாக, நோன்பு துறக்கும்போது மீனின் நடுத்துண்டு என் கோப்பைக்கு வந்தது. கஞ்சியில் இறைச்சி எனக்கு மட்டும் அடியிலிருந்து அள்ளப்பட்டது. வக்கூம் கிளீனரை என் கையிலிருந்து பறித்து ரிஸ்வானிடம் கொடுத்தார் மாமி. ஹனாவைத் தூக்கினால், இறக்கு என்றார். ஒரு நோன்பும் விடாத மருமகளின் மார்க்கப்பற்றுக்குக் கிடைத்த மரியாதை என்று நான் உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தேன். ரிஸ்வானிடம் அதைச் சொல்லிப் பெருமையடித்தும் இருக்கிறேன்.

ஐந்து பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி, இரண்டு மாதமாக ஒரு தொழுகையும் விடாத மருமகளைப் பார்த்தால் வேறு என்னதான் நினைப்பார்?

3

அவருக்குத் தெரியாதது என் இடது கைக்குள் இருந்தது.

ஹனா பிறந்தபோது எனக்கு இரத்தம் நிற்காமல் போனது. கட்டிலைச் சுற்றித் திடீரென்று ஆட்கள் கூடினார்கள். யாரோ என் பெயரைத் தப்புத் தப்பாகக் கூப்பிட்டு, கண்ணை மூட வேண்டாம் என்றார்கள். மூன்று பை இரத்தம் ஏற்றினார்கள். ரிஸ்வான் ஊருக்கு அழைத்துத் தாயும் பிள்ளையும் சுகம் என்று மட்டும் சொன்னார். அது பொய்யில்லை. அந்த நேரத்தில் சுகம்தான். மாமிக்கு விசா கிடைக்காத காலம் அது. தூரத்தில் இருப்பவருக்கு ஏன் பயத்தை அனுப்புவது என்று நானும் சரி என்றேன்.

வார்டிலிருந்து விடுமுன் ஒரு மிட்வைஃப் வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டு, இனி எந்த முறை பாவிக்க யோசிக்கிறீர்கள் என்று கேட்டார். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் முறையாக்கும் என்று பதில் சொல்லத் தொடங்கினேன். இல்லை, அடுத்த கர்ப்பம் வராமல் தடுக்கும் முறை. எனக்கு உடம்பெல்லாம் நோவு. எழும்பி நிற்க முடியாது. ரிஸ்வான் கூரையில் இல்லாத காற்றாடியை அண்ணாந்து பார்த்தார். எங்களில் நாற்பது நாள் இருக்கிறது, அதற்குள் அந்தக் கதைக்கே இடமில்லை என்று மார்க்கத்தைத் துணைக்கு அழைத்தேன். நல்ல வழக்கம் என்று அந்த மிட்வைஃப் மனதாரப் பாராட்டினார். பிறகு, நாற்பத்தோராம் நாளுக்கு என்ன யோசனை என்று கேட்டார்.

எனக்கு யோசனையெல்லாம் ஒன்றுதான்: இன்னொருமுறை அந்தக் கட்டிலில் கிடக்கப் பயம். பிள்ளை வேண்டாம் என்பதல்ல. இப்போது வேண்டாம். உடம்பு தேற ஒன்றரை வருடமாவது இடைவெளி விடுவது நல்லது என்று டொக்டரும் சொல்லியிருந்தார். பால் கொடுக்கும்வரை பிள்ளை தங்காது என்று ஊரில் நாங்கள் நம்பியிருந்ததை இங்கே தாதியிடம் கேட்டேன். முதல் ஆறு மாதம், வேறு ஆகாரம் இல்லாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும், மாதவிடாயும் திரும்பவில்லை என்றால்தான் அந்தப் பாதுகாப்பு. இதில் ஒன்று தவறினாலும் நம்ப வேண்டாம் என்றார். என் வகுப்புத் தோழிகள் பலருக்கு முதலாவது பிள்ளைக்கும் இரண்டாவதற்கும் ஏன் அவ்வளவு கிட்டிய வயது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

தாதியின் பெயர் டெப். வயது ஐம்பதுக்கு மேல், ஊதா நிறத் தலைமுடி. என் கணவர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டேன். எதற்கு, வைக்கப்போவது அவருடைய கையிலா என்றார். ஆனாலும் நானும் ரிஸ்வானும் கதைத்துத்தான் முடிவெடுத்தோம். அவர் ஊரிலுள்ள மௌலவியிடமும் கேட்டார். இருவரும் சம்மதித்துக் கொஞ்சக்காலம் இடைவெளி விடுவதில் தடையில்லை என்று பதில் வந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, தீக்குச்சி அளவில் ஒன்றைத் தோலுக்கடியில் வைத்தார் டெப். மூன்று வருடத்துக்கு அது வேலை செய்யும்.

இதை ஊருக்குச் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் எத்தனை பெறுகிறார்கள் என்று யார் யாரோ மேடையில் கணக்குப் பேசிய காலத்துக்குப் பிறகு, ஊரில் வீடு வீடாக வரும் மிட்வைஃப் மிஸ்ஸின் பையைக் கண்டாலே மாமிக்குச் சந்தேகம். பிள்ளையின் எடை நிறுக்க வந்தவரைக்கூட வாசலில் வைத்தே தேத்தண்ணி கொடுத்து அனுப்பியவர் அவர்.

4

இனி வருவதை எழுத எனக்கே வெட்கம். உம்மாவின் அழைப்புக்குப் பிறகு நான் சந்தேகப்படத் தொடங்கினேன். மாமியை அல்ல, என்னை.

மாமி அவ்வளவு உறுதியாக இருந்தார். முகத்தில் தெரிகிறது என்று ஊருக்குச் சொன்னாராம். கண்ணாடியில் பார்த்தேன். தெரிகிறமாதிரித்தான் இருந்தது. கருவாட்டு மணம் வயிற்றைப் புரட்டியது. அது எல்லோருக்கும் புரட்டும், பக்கத்து வீட்டு நாயைத் தவிர. என்றாலும் கடைக்குப் போய்ப் பரிசோதனைக் குச்சி வாங்கினேன். இல்லை என்றது. பெட்டியில் இருந்த மற்றதையும் பார்த்தேன். அதுவும் இல்லை என்றது. ஒரே பெட்டியில் இருப்பவை ஒன்றுக்கொன்று உடந்தையாக இருக்கலாம் என்று வேறு கடையில் இன்னொன்று வாங்கினேன். படித்த பெண் செய்கிற வேலைதான்.

ரிஸ்வானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். நீங்களே மாமிக்குச் சொல்லுங்கள் என்றதும் சிரிப்பு நின்றது. அன்றிலிருந்து அவருக்கு நோன்பு மாதத்து இரவுத் தொழுகையான தராவீஹில் தனி ஈடுபாடு பிறந்து, பள்ளிவாசல் பூட்டிய பிறகுதான் வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

நான் கிளினிக்குக்கு அழைத்தேன். இங்கே டொக்டரிடம் நேரம் கேட்டு அழைப்பதென்றால், காலையில் எட்டு மணிக்கு ஊரே ஒரே நேரத்தில் அழைக்கும். நாங்கள் ஒவ்வொருவரும் முக்கியமானவர்கள் என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்லும். பிறகு வீணை போன்ற ஏதோ வாசிக்கும். அதைக் கேட்டுக்கொண்டே ஹனாவின் பாலைச் சூடாக்கி, ஆற்றி, கொடுத்தும் முடித்துவிடலாம்.

டெப்பின் முன் இருந்தபோது என் வாய் என்னை அறியாமலே, எனக்கொரு கூட்டாளி இருக்கிறாள், அவளுக்குச் சில சந்தேகங்கள் என்று தொடங்கியது. குச்சி வைத்த பிறகு மாதவிடாய் வருவதேயில்லை, அந்த இரத்தம் எல்லாம் எங்கே போகிறது? உள்ளே கட்டிக்கொள்ளுமா? குச்சி உடம்புக்குள் ஊர்ந்து நெஞ்சுக்குப் போகுமா? எடுத்த பிறகு பிள்ளை வருமா? வைத்திருக்கும்போதே வந்துவிடுமா?

டெப் எல்லாவற்றையும் முகம் மாறாமல் கேட்டார்.

"உங்கள் கூட்டாளியின் கையை நான் கொஞ்சம் பார்க்கலாமா?"

சட்டைக் கையைச் சுருட்டினேன்.

தடவிப் பார்த்து, வைத்த இடத்திலேயே இருக்கிறது என்றார். இரத்தம் எங்கும் போவதில்லை, எங்கும் கட்டுவதுமில்லை. கர்ப்பப்பையின் உட்சுவர் தடிக்காமல் மெல்லியதாகவே இருப்பதால் வெளியேற ஒன்றும் இல்லை. எனக்கு அமைந்தது சிலருக்கு அமையும். வேறு சிலருக்குக் கண்டபடி வந்து கொண்டேயிருக்கும், அதனாலேயே எடுத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு. எடுத்தால் சீக்கிரமே பிள்ளை தங்கலாம், ஆகவே எடுத்த அன்றிலிருந்தே கவனம். வைத்திருக்கும்போது தங்குவது மிக அரிது, ஆனால் காசநோய், வலிப்பு போன்றவற்றுக்கு எடுக்கும் சில மருந்துகள் அதன் வேலையைக் குறைக்கும், அப்படி ஏதும் எடுத்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவரும் ஒருமுறை பரிசோதித்தார். இல்லை. எழும்பும்போது, உங்கள் கூட்டாளி வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டால் நன்றாகத் தூங்குவாள் என்றார்.

5

சொல்லிவிட வேண்டும் என்று குசினிக்குப் போவேன். மாமி பேரீச்சம்பழத்தில் பெரியதாகப் பார்த்து எனக்கென்று ஒதுக்கிக்கொண்டிருப்பார். திரும்பி வந்துவிடுவேன். இரண்டு நாள் இப்படியே போனது. வீட்டுக்கு வந்த மருமகள் ஊர் முழுக்கத் தன்னைப் பொய்யாக்கினாள் என்று அவர் நினைப்பாரே என்பதுதான் என் பயம். அதைவிடப் பெரிய பயம், பொய்யாக்காமல் இருப்பதற்காக இந்தக் குச்சியை எடுத்துவிடு என்று கேட்டுவிடுவாரோ என்பது. கேட்டால் நான் மறுப்பேனா? எனக்கே நிச்சயமில்லை. நான் மறுத்துப் பழகியவள் இல்லை.

மூன்றாம் நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்கு முன் மாமி கருஞ்சீரக எண்ணெய்ப் போத்தலைத் திறந்து, என்னை முன்னால் இருத்தி, கைகால்களுக்குத் தடவத் தொடங்கினார். ஹனா பக்கத்தில் பொம்மைக்குத் தடவினாள். வலது கை முடிந்து இடது கைக்கு வந்தார். நான் அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.

"என்ன புள்ள இது? முள்ளு ஏறினமாதிரி இரிக்கி."

சொன்னேன். அது என்னவென்று சொன்னேன், அது என்ன செய்யும் என்று சொன்னேன், ஏன் எனக்குத் தொழுகை விடுபடவில்லை என்றும் சொன்னேன்.

மாமியின் விரல் அங்கேயே நின்றது.

"அப்ப வவுத்துல?"

"ஒண்டும் இல்ல மாமி."

"நான் பள்ளித் தலைவர்ட பொஞ்சாதிக்கும் சொல்லிட்டனே" என்றார், எனக்கல்ல, எண்ணெய்ப் போத்தலுக்கு. பிறகு நிமிர்ந்தார். "புள்ளையள் வேணாமா உங்களுக்கு?"

அப்போதுதான் ஹனா பிறந்த நாளைச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல மாமி எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேயிருந்தார். இரத்தம் எவ்வளவு ஏற்றினார்கள் என்று மட்டும் கேட்டார். பிறகு எண்ணெய்ப் போத்தலின் மூடியைத் திருகி வைத்தார்.

"அண்டைக்கு நான் ஊருல வட்டிலப்பம் செஞ்சி வீடு வீடாப் பங்கிட்டன்" என்றார். "நீ இங்க மவுத்தாகப் பாத்திருக்கிறாய். நான் வட்டிலப்பம் பங்கிட்டிருக்கிறன்."

எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அஸர் இருவரும் தனித்தனியாகத் தொழுதோம்.

நோன்பு துறக்கும் நேரம் மேசையில் மூவரும் இருந்தோம். ரிஸ்வானுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் பேரீச்சம்பழத்தைப் பரீட்சைத் தாளைப்போல் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி மீன்சட்டியைத் திறந்தார். நடுத்துண்டு இன்றைக்கு யாருக்கு என்று நான் பார்த்தேன். அகப்பை என் கோப்பைக்கு மேலே வந்து நின்றது.

"தின்னு" என்றார். "இரத்தம் போன உடம்பு."

6

அடுத்த நாளே மாமி பால்சுறாவைத் தேங்காய்ப்பால் விட்டு ஆக்கினார். வீணாக்க முடியுமா என்றார். சமைக்கும்போது கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் நான் டெப்பிடம் கேட்ட அதே கேள்விகள். இரத்தம் எங்கே போகிறது என்பதில் தொடங்கினார். ஆனால் அவர் கூட்டாளி யாரையும் இழுக்கவில்லை, நேராகவே கேட்டார். ஊரில் இது கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும், அரசாங்கக் கிளினிக்கில் காசில்லாமல் வைப்பார்கள், என்னோடு படிப்பித்த ஒரு டீச்சர் வைத்திருந்தார், அங்கே இரண்டு குச்சி என்றேன். மிட்வைஃப் மிஸ்ஸின் பையில் இதுவா இருந்தது என்று கேட்டார். இதைப் பற்றிய விவரமாவது இருந்திருக்கும் என்றேன். மாமி கரண்டியைக் கொஞ்சநேரம் ஆட்டாமல் வைத்திருந்தார். பிறகு, மூன்று வருடம் முடிந்ததும் எடுப்பீர்கள்தானே என்று கேட்டார். இன்ஷா அல்லாஹ் என்றேன். அப்படியென்றால் அடுத்த விசாவுக்கு அந்தக் கணக்கில் போட ரிஸ்வானிடம் சொல் என்றார்.

பெருநாள் காலை கற்பிட்டியிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. ஒரே திரையில் ஊரே நெருக்கிக்கொண்டு நின்றது. ஸலாம் சொல்லி முடியவில்லை, எத்தனை மாதம் என்றார்கள், மசக்கை உண்டா என்றார்கள், ஆண்பிள்ளைக்குப் பெயர்கூடத் தயாராக இருந்தது. நான் ரிஸ்வானைப் பார்த்தேன். அவர் வட்டிலப்பம் எடுத்துவர எழும்பினார்.

மாமி கைப்பேசியை என்னிடமிருந்து வாங்கி, முகத்துக்கு மிக அருகில் பிடித்தார். திரையில் அவர் மூக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

"கேளுங்க எல்லாரும். இவட வவுத்துல ஒண்டும் இல்ல. கையிலதான் இரிக்கி. மூணு வருஷத்துக்கு என்னட்ட யாரும் கேக்க வேணாம்."

அங்கே பெருநாள் கொஞ்சநேரம் நின்றுபோனது. ஆண்கள் ஒவ்வொருவராகத் திரையிலிருந்து விலகினார்கள். நின்ற பெண்களுக்குக் குச்சியைப் பற்றி மாமி வேண்டிய அளவுக்குச் சொன்னார்.

அப்போது மதினியின் குரல் கேட்டது. உம்மா, அவட்ட ஃபோனக் குடுங்க என்றார். கைப்பேசி என்னிடம் வந்தபோது திரையில் மதினி தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு நடந்து கொண்டிருந்தார். பிள்ளைகளின் சத்தம் குறைந்தது. ஒரு கதவு சாத்தப்பட்டது. மதினிக்கு நான்கு பிள்ளைகள். கடைசி இன்னும் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அப்போதும் இடுப்பிலேயே இருந்தது. பெருநாள் உடுப்பிலும் மதினியின் முகம் களைத்திருந்தது.

"ஒண்டுமில்ல" என்றார் மெதுவாக. "எனக்கொரு கூட்டாளி இரிக்கிறா. அவ ஒரு விஷயம் கேக்கச் சொன்னா."

"உங்கட கூட்டாளிட கையக் காட்டுங்க மதினி" என்றேன். "எந்த இடத்துல வைக்கிற எண்டு சொல்றன்."

மதினி ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளையை மற்றப் பக்க இடுப்புக்கு மாற்றினார். பிறகு பெருநாள் சட்டையின் கையை மெல்லச் சுருட்டத் தொடங்கினார்.